குரூகர் முதல் ஒகவாங்கோ வரை: ஆப்பிரிக்கக் காடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா பக்கம் இதுவரை மூன்று முறை போய்வந்துவிட்டேன். முதலில் நண்பர்களோடு, அடுத்து மனைவி பிள்ளைகளோடு, கடைசியாக எழுபதைத் தாண்டிய அப்பா அம்மாவோடு. அதிலிருந்து பள்ளி விடுமுறை நெருங்கினாலே யாராவது ஃபோனில் கூப்பிட்டு "நாங்களும் போகணும், எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சஃபாரி என்றால் கென்யாதானே? தெற்கே எதற்குப் போக வேண்டும்?

கென்யாவும் டான்சானியாவும் அருமையான இடங்கள்தான். ஆனால் அங்கே அநேகமாக ஒரு நிறுவனத்தின் ஜீப்பில், அவர்கள் போடும் திட்டப்படிதான் சுற்ற முடியும். தெற்கே நீங்களே வாடகைக் கார் ஓட்டிக்கொண்டு சிங்கம் இருக்கும் காட்டுக்குள் போகலாம். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் முக்கியச் சாலைகள் தார்ச்சாலைகள். சின்ன கார் போதும். தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, ஜாம்பியா எல்லாமே நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகள். அதனால் முதல் நாளே கை பழகிவிடும்.

முதுமலையில் வேனில் ஏறி ஒரு மணி நேரம் சுற்றி, நாலு மானும் ஒரு மயிலும் பார்த்துத் திரும்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இலங்கையின் யாலவில் சிறுத்தை ஒன்றைச் சுற்றி இருபது ஜீப் நின்றதைப் பார்த்தவர்களும் இருப்பீர்கள். தெற்கு ஆப்பிரிக்கப் பூங்காக்களில் கேட் திறந்ததிலிருந்து மூடும்வரை நாள் முழுக்க உங்களுடையது. நிற்கத் தோன்றினால் நிற்கலாம். போதும் என்றால் போகலாம்.

முதல் தடவை. எந்தப் பூங்கா?

யோசிக்கவே வேண்டாம், குரூகர். 1898-ல் சாபி வேட்டைக் காப்பகமாகத் தொடங்கி 1926-ல் தேசியப் பூங்கா ஆனது. சுமார் 19,500 சதுர கிலோமீட்டர். வடக்கு தெற்காக 350 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. உள்ளே வேகக் கட்டுப்பாடு தார்ச்சாலையில் மணிக்கு 50, மண்சாலையில் 40. அதற்குள்ளும் மிருகத்துக்காக நிற்பீர்கள். ஆக, வரைபடத்தில் விரலால் அளந்து "100 கிலோமீட்டர்தானே, இரண்டு மணி நேரம்" என்று திட்டம் போடாதீர்கள். அரை நாள் ஓடிவிடும்.

தெற்குப் பகுதியில் மிருகங்கள் அதிகம், கார்களும் அதிகம். வடக்கே போகப் போக மொப்பேன் மரக்காடு. யானையும் பறவையும் நிறைய, ஆள் நடமாட்டம் குறைவு. முதல் தடவை என்றால் தெற்கும் நடுவும் போதும். தங்குவதற்கு, ஆற்றங்கரை வேண்டுமென்றால் லோயர் சாபி அல்லது ஸ்குகூசா முகாம், சிங்கத்துக்கு சாட்டாரா முகாம். ஒரே ஒரு இரவு ஆடம்பரம் வேண்டுமென்றால், குன்றின் உச்சியிலிருந்து ஆற்றைப் பார்க்கும் ஒலிஃபண்ட்ஸ் முகாம். ஸ்குகூசாவிலிருந்து லோயர் சாபிக்குப் போகும் எச் 4-1 சாலையில் கூட்டம் இருக்கும். இருந்தாலும் விடாதீர்கள்; சாபி ஆற்றை ஒட்டியே போகிறது. சாட்டாரா பக்கத்தில் எஸ் 100 என்ற மண்சாலை விடியற்காலைக்கு.

முகாம்களைச் சுற்றி மின்வேலி உண்டு. உள்ளே குடில்கள், கடை, உணவகம், பெட்ரோல் பங்க் எல்லாம் இருக்கும். பெரும்பாலான குடில்களோடு சமையலிடமும் சேர்ந்தே வரும். தென்னாப்பிரிக்க தேசியப் பூங்கா நிர்வாகமான சான்பார்க்ஸின் தளத்தில் ஏறக்குறைய பதினொரு மாதத்துக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். ஆற்றைப் பார்த்த குடில்கள் முதலில் போய்விடும்.

எத்தனை நாள் வேண்டும்?

குரூகருக்கு மட்டும் ஐந்து இரவு. நாலு என்றால் சமாளிக்கலாம். மூன்று என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள், அடுத்த வருடம் போங்கள்.

முதல் முறை போனபோது ஒரு பயண முகவர் எட்டு நாளில் மூன்று நாடு, நாலு பூங்கா என்று அச்சடித்துக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. போனபின்தான் தெரிந்தது, பகல்களில் பாதி விமான நிலையத்திலும் எல்லைச் சாவடி வரிசையிலும் கழிந்துவிட்டது. மிருகங்கள் நடமாடும் விடிகாலையில் நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து என் கணக்கு இதுதான்: ஒரு முகாமில் குறைந்தது இரண்டு இரவு, ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் இரண்டு பூங்கா. ஒரே நீர்க்குட்டைக்கு இரண்டாம் நாள் போகும்போதுதான் நேற்று என்ன இருந்தது, இன்று என்ன மாறியிருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபட ஆரம்பிக்கும்.

எந்த மாதம் நல்லது?

தண்ணீரைப் பிடித்துக்கொண்டால் இதற்குப் பதில் தானே கிடைக்கும். குரூகரில் மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை. அப்போது காடெல்லாம் பச்சை, குட்டைகள் எங்கும் நிரம்பியிருக்கும். மிருகம் தண்ணீர் தேடி எங்கேயும் வர வேண்டியதில்லை. வந்தாலும் இடுப்பளவு புல்லில் மறைந்திருக்கும். மே மாதத்திலிருந்து காய ஆரம்பிக்கும். இலை உதிரும், புல் படியும், சின்னக் குட்டைகள் வற்றும். செப்டம்பரில் மிச்சமிருப்பது ஆறும் சில பெரிய நீர்நிலைகளும்தான். அங்கே போய்க் காத்திருந்தால் காடே உங்களைத் தேடி வரும். செப்டம்பர் கடைசி, அக்டோபரில் வெயில் நாற்பதைத் தொடும். நமக்கு அது புதிதல்ல.

நம் ஊர் விடுமுறையோடு பொருத்திப் பார்த்தால், காலாண்டு விடுமுறை மிகச் சரியான நேரம், ஆனால் நாள் போதாது. கோடை விடுமுறையில் மே மாதத்தின் இரண்டாம் பாதி நல்ல சமரசம்: காடு காயத் தொடங்கியிருக்கும், கொசு குறைந்திருக்கும், தென்னாப்பிரிக்கப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறைக் கூட்டமும் இன்னும் வந்திருக்காது. அவர்களுக்கு ஜூன் கடைசி, ஜூலையில்தான் விடுமுறை. டிசம்பரையும் ஈஸ்டர் வாரத்தையும் தவிருங்கள், உள்ளூர்க்காரர்களே நிரம்பிவிடுவார்கள்.

மழைக்காலத்தை மட்டமாகச் சொல்லவில்லை. நவம்பர், டிசம்பரில் இம்பாலா மான்கள் ஒரே சமயத்தில் குட்டி போடும். கால் நடுங்கும் குட்டிகள் சாலையெங்கும். பறவை பார்ப்பவர்களுக்கு அதுதான் பருவம்.

ஒரு எச்சரிக்கை. "ஆப்பிரிக்காதானே, குளிரா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜூன், ஜூலை விடியலில் குரூகரில் பத்து டிகிரிக்குக் கீழே போகும். திறந்த ஜீப்பில் காற்று முகத்தில் அறையும்போது ஊட்டி தேவலை என்று தோன்றும். எங்கள் அம்மா ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, அதற்கு மேல் முகாம் போர்வை என்று மூட்டையாக உட்கார்ந்திருந்தார்.

எட்டோஷா என்கிறார்களே, அது எப்படி?

நமீபியாவின் வடக்கில் இருக்கிறது. 1907-ல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பூங்கா சுமார் 22,000 சதுர கிலோமீட்டர். அதன் நடுவில் கிட்டத்தட்ட 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெறும் உப்புப் படுகை, வெள்ளைவெளேர் என்று கண் கூசும். அந்த வறட்சியே அதன் பலம். படுகையின் தெற்கு ஓரத்தில் வரிசையாக நீர்க்குட்டைகள். சுற்றிலும் மறைவில்லாத வெட்டவெளி. காரை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் வரிக்குதிரை, ஸ்பிரிங்பாக், ஒரிக்ஸ் மான்கள், யானை என்று முறைவைத்து வந்து போகும்.

ஒகாகுவேயோ முகாமில் நீர்க்குட்டைக்கு இரவு முழுக்க விளக்கு போட்டிருப்பார்கள். நடுவே தாழ்ந்த மதில், இந்தப் பக்கம் பெஞ்சுகள். இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு ஃபிளாஸ்கில் டீ போட்டுக்கொண்டு போய் உட்காருங்கள். கறுப்புக் காண்டாமிருகம் இரவில் தண்ணீர் குடிக்க வருவதைப் பார்க்க உலகத்திலேயே எளிதான இடங்களில் இது ஒன்று. நாங்கள் பார்த்த இரவில் ஒன்று வந்தது, குடித்தது, பெருமூச்சு விட்டது. அந்த மூச்சுச் சத்தம் மதிலுக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. யாரும் பேசவில்லை.

தலைநகர் வின்ட்ஹூக்கிலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும். பூங்காவுக்குள் பெரும்பாலும் சரளைச் சாலை. டயர் பஞ்சராகும், ஸ்டெப்னி நல்ல நிலையில் இருக்கிறதா என்று வண்டி எடுக்கும்போதே திறந்து பாருங்கள்.

போட்ஸ்வானா ரொம்ப விலையாமே?

ஆமாம். குறைந்த ஆட்கள், அதிகக் கட்டணம் என்பதையே அந்த நாடு சுற்றுலாக் கொள்கையாக வைத்திருக்கிறது. ஒகவாங்கோ டெல்டாவின் உள்முகாம்களில் சீசன் நேரத்தில் ஒருவருக்கு ஒரு இரவுக்கே ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். சின்ன விமானத்தில்தான் போக வேண்டும். சக்கரம் வைத்த பெட்டி கூடாது. மடங்கும் துணிப்பையில் 15 முதல் 20 கிலோதான்.

ஒகவாங்கோ ஒரு விசித்திரமான ஆறு. அங்கோலா மேட்டுநிலத்தில் பெய்யும் மழை மாதக்கணக்கில் மெல்ல நடந்து வந்து, போட்ஸ்வானாவில் மழையே இல்லாத ஜூன், ஜூலையில் வெள்ளமாக விரிகிறது. பிறகு கடலைச் சேராமல் கலஹாரி மணலிலேயே முடிந்துபோகிறது. வறண்ட காலமும் வெள்ளமும் ஒன்றாக வருவதால் சுற்றுவட்டார மிருகமெல்லாம் அங்கே. 2014-ல் யுனெஸ்கோவின் ஆயிரமாவது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்த நாட்டின் பணத்துக்குப் பெயர் பூலா. பூலா என்றால் மழை! வறண்ட பூமியில் செல்வம் எதுவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கையைக் கடிக்காத வழி ஒன்று உண்டு. வடக்கு எல்லையில் கசானே என்ற ஊரில் தங்கி, சோபே தேசியப் பூங்காவுக்குப் போய்வருவது. பிற்பகல் படகு சவாரி இரண்டு மூன்று மணி நேரம். யானைக் கூட்டம் தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டியபடி ஆற்றை நீந்திக் கடப்பதைப் படகிலிருந்து பார்க்கலாம். அவை போய் மேயும் செடுடு தீவுக்காக நமீபியாவும் போட்ஸ்வானாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999-ல் போட்ஸ்வானாவுக்குத் தீர்ப்பானது. யானைகளுக்கு இதெல்லாம் தெரியாது. 2022-ல் ஐந்து நாடுகள் சேர்ந்து வானிலிருந்து எடுத்த கணக்கெடுப்பில் அந்த வட்டாரத்தில் சுமார் 2,28,000 யானைகள். அதில் 1,32,000 போட்ஸ்வானாவில் மட்டும். ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் இருக்கும் விக்டோரியா அருவி கசானேயிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான், சேர்த்துப் பார்த்துவிடலாம்.

விசா?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்குத் தென்னாப்பிரிக்க விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று. ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி, குரூகர் பார்த்து, விக்டோரியா அருவிக்குப் போய், மறுபடி ஜோகன்னஸ்பர்க் வழியாகத் தங்கித் திரும்புகிறீர்கள் என்றால் தென்னாப்பிரிக்காவுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். விண்ணப்பத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவு கேட்க வேண்டும். ஜாம்பியா, ஜிம்பாப்வே இரண்டுக்கும் சேர்த்து காசா யூனிவிசா என்று 50 டாலரில் ஒரு விசா உண்டு. சோபேவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பி நுழைய அதுவே செல்லும் என்றாலும், போட்ஸ்வானாவில் நுழைய நம் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் இருந்தால் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?

நீங்கள் எந்த வழியாகப் பறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. துபாய், தோஹா வழியென்றால் கேட்க மாட்டார்கள். அடிஸ் அபாபா அல்லது நைரோபியில் பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் காத்திருந்து போனால் தென்னாப்பிரிக்காவில் சான்றிதழ் கேட்பார்கள். டிக்கெட் மலிவு என்று எத்தியோப்பியா வழி எடுப்பவர்கள் ஊசியைப் போட்டுவிடுவதே நிம்மதி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். ஆனால் ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும்.

மலேரியா பயம்?

குரூகர், சோபே, ஒகவாங்கோ, எட்டோஷா எல்லாமே மலேரியா உள்ள இடங்கள். மழைக்காலத்தில் அதிகம், குளிர்காலத்தில் மிகக் குறைவு. டாக்ஸிசைக்கிளின் அல்லது அடோவாகுவோன்-புரோகுவானில் மாத்திரையைத்தான் பொதுவாக எழுதித் தருகிறார்கள். எது யாருக்கு என்பதை மருத்துவர் சொல்லட்டும்; குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கணக்கு வேறு. பழைய குளோரோகுயின் அங்கே வேலை செய்யாது. சாயங்காலம் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி. ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் "ஆப்பிரிக்கா போயிருந்தேன்" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மாத்திரையே வேண்டாம் என்றால் மலேரியா இல்லாத பூங்காக்களும் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் பிலானஸ்பர்க். தெற்குக் கடற்கரைப் பக்கம் ஆடோ யானைப் பூங்கா. 1931-ல் அதைத் தொடங்கியபோது அங்கே மிஞ்சியிருந்தவை பதினோரு யானைகள், இன்றைக்கு நூற்றுக்கணக்கில். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது ஆடோதான்.

வயதானவர்கள், சின்னப் பிள்ளைகளோடு போகலாமா?

தாராளமாக. சொந்தமாகக் கார் ஓட்டுவதுதான் அவர்களுக்கு வசதி. ஏசி, சாய்மானம், பிஸ்கட், வேண்டும்போது திரும்பிவிடலாம். ஒரே சிக்கல் கழிப்பறை. முகாம்களிலும் குறிப்பிட்ட பிக்னிக் இடங்களிலும் மட்டும்தான் இறங்க முடியும். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால், காலையில் வரைபடத்தை விரித்துக் கழிப்பறைகளை வட்டம் போட்டுவிட்டுத்தான் சிங்கத்தைப் பற்றி யோசித்தோம்.

முகாமிலிருந்து கிளம்பும் பூங்காவின் ஜீப் சவாரிக்கு ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். தனியார் விடுதிகள் சில பன்னிரண்டுக்குக் கீழ் அனுமதிப்பதே இல்லை. பணம் கட்டும் முன் கேளுங்கள்.

சொந்தக் காரில் போனால் ஆபத்து இல்லையா? யானை வந்தால்?

விதிகளைப் பின்பற்றினால் பயமில்லை. காரைவிட்டு இறங்கக் கூடாது, ஜன்னலில் உடம்பை நீட்டக் கூடாது, கேட் மூடும் நேரத்துக்குள் முகாம் சேர வேண்டும். தாமதமானால் அபராதம். சிங்கம் காரை ஒரு பெரிய பொருளாகத்தான் பார்க்கிறது, கண்டுகொள்ளாது. பபூன் குரங்குதான் தொல்லை. கண்ணாடி திறந்திருந்தால் சிப்ஸ் பாக்கெட் போயே போச்சு.

யானையிடம் மட்டும் மரியாதை வேண்டும். சாலையில் நின்றால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள், பின்னால் போக இடம் விட்டு. காதை விரித்துத் தலையை ஆட்டினால் மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். ஹார்ன் அடிக்காதீர்கள். கன்னத்தில் ஈரக்கோடு வழிந்தால் மதநீர், மதம் பிடித்திருக்கிறது என்று நமக்கு உடனே தோன்றும். ஆனால் ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் பதற்றத்தில் அப்படி வழியும். வழிவதோடு ஆணின் பின்கால்களுக்கிடையில் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தால் அதுதான் நிஜ மதம். அப்போது வீடியோ எடுக்க நிற்காதீர்கள்.

பூங்காவுக்கு வெளியேதான் அதிக கவனம் வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து குரூகர் 400 கிலோமீட்டருக்குமேல், ஐந்து மணி நேரம். விமானம் மாலையில் இறங்கினால் அன்றிரவு அங்கேயே தங்கிக் காலையில் கிளம்புங்கள். இருட்டில் ஓட்ட வேண்டாம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்டிஓ அலுவலகத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். வாடகைக் காரில் நாட்டு எல்லை தாண்டுவதாக இருந்தால் நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

அங்கே புலி உண்டா? சிறுத்தையும் சீட்டாவும் ஒன்றா?

புலி இல்லை. ஆப்பிரிக்கக் காட்டில் எங்கேயும் இல்லை. நாம் சிறுத்தை என்பது மரத்தில் இரையை ஏற்றி வைக்கும் விலங்கு, உடலில் ரோஜாப்பூ போன்ற வளையப் புள்ளிகள். வெட்டவெளியில் மின்னலாக ஓடுவது சீட்டா, தமிழில் சிவிங்கி. கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கண்ணீர்க்கோடு இருக்கும், புள்ளிகள் திட்டுத் திட்டாக. இந்தியாவில் அற்றுப்போன சிவிங்கியை மறுபடி குடியேற்ற 2022 செப்டம்பரில் எட்டு நமீபியாவிலிருந்தும், 2023 பிப்ரவரியில் பன்னிரண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்தன. ஒட்டகச்சிவிங்கி என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள். ஒட்டகம் போன்ற உடல், சிவிங்கி போன்ற புள்ளி.

'பெரிய ஐந்து' என்பது சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. நடந்து போய் வேட்டையாடுவதற்கு ஆபத்தான ஐந்து என்று வேட்டைக்காரர்கள் வைத்த பட்டியல் அது. அதைப் பிடித்துக்கொண்டு ஓடினால் கழுதைப்புலியும் காட்டுநாயும் நீர்யானையும் கண்ணில் படாது. காட்டுநாய்க் கூட்டம் ஒன்று சாலையில் படுத்து விளையாடியதைப் பார்த்ததை எந்தச் சிங்கத்துக்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

முகாம் உணவகங்களில் பீட்சா, பாஸ்தா, உருளை வறுவல்தான் சைவம். இரண்டாம் நாள் சலித்துவிடும். குடிலில் சமைப்பதே வழி. அரிசி, பருப்பு, தக்காளி, வெங்காயம் எல்லாம் பூங்காவுக்கு வெளியே நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். ஊரிலிருந்து சாம்பார் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் போதும். உள்ளூரில் பாப் என்ற வெள்ளை மக்காச்சோளக் களியும், சாக்கலாக்கா என்று காரமான காய்கறித் தொக்கும் உண்டு. இரண்டும் நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

நேரமிருந்தால் பயணத்தை டர்பனில் தொடங்குங்கள். சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கிளம்பி 1860 நவம்பரில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கியவர்களின் வழிவந்த தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ அந்த ஊரின் சொத்து. பீன்ஸ் போட்டதைக் கேட்டு வாங்கினால் சைவம். அங்கிருந்து வடக்கே மூன்று மணி நேரத்தில் ஷ்லுஷ்லுவே-இம்ஃபலோசி பூங்கா. அழிவின் விளிம்பில் இருந்த வெள்ளைக் காண்டாமிருகம் மீண்டது அங்கேதான்.

செலவு எவ்வளவு ஆகும்?

குரூகரில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கே 500 ரேண்டுக்குமேல். ரேண்ட் ஒன்று சுமார் ஐந்து ரூபாய் என்று வையுங்கள். குடில் இருவருக்கு ஒரு இரவு ஏறத்தாழ 1,500 ரேண்டிலிருந்து. கார், பெட்ரோல், சமையல் எல்லாம் சேர்த்து இருவர் ஆறு இரவு தங்க விமானச் செலவு தவிர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் வரும் என்பது என் கணக்கு. ஒரு வாரத்துக்குமேல் தங்கினால் வைல்ட் கார்டு என்ற ஆண்டுச் சீட்டு லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நமீபியாவில் ரேண்ட் அப்படியே செல்லும். ஜிம்பாப்வேக்குச் சில்லறை டாலர் நோட்டுகள் வேண்டும்.

தனியார் காப்பகத்துக்கு அவ்வளவு கொடுப்பது வீண்தானே?

குரூகரின் மேற்கில் சாபி சாண்ட், டிம்பவாட்டி போன்றவை. நடுவே வேலி கிடையாது, அதே மிருகங்கள்தான். வித்தியாசம் என்னவென்றால், ஜீப் சாலையைவிட்டு இறங்கிப் புதருக்குள் சிறுத்தையைப் பின்தொடரும். தடம் பார்ப்பவர் முன்னால் உட்கார்ந்திருப்பார். சிறுத்தைதான் உங்கள் கனவு என்றால், கடைசி இரண்டு இரவை அங்கே செலவழிக்கலாம். மற்றபடி பூங்கா முகாமின் விடியற்கால, சூரிய அஸ்தமனச் சவாரிகளே போதும். கேட் மூடிய பின் காட்டில் இருக்க அது ஒன்றுதான் வழி.

காண்டாமிருகத்துக்குக் கொம்பே இல்லையே?

வெட்டியிருப்பார்கள். மயக்க ஊசி போட்டு, நகம் வெட்டுவது போல. வலிக்காது, மறுபடி வளரும். கொம்புக்காக 2014-ல் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 1,215 காண்டாமிருகங்களைக் கொன்றார்கள். அதனால்தான் பார்த்த இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள் என்கிறார்கள். படம் போடும்போது ஃபோனில் இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள்.

என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

காக்கி, பழுப்பு, சாம்பல் நிற உடைகள். ராணுவப் புள்ளி போட்ட துணி வேண்டவே வேண்டாம்; ஜிம்பாப்வே, ஜாம்பியா, போட்ஸ்வானாவில் அதை அணிவது குற்றம். ஆளுக்கொரு பைனாகுலர், 8x42 நல்லது. ஒன்றை வைத்துக்கொண்டு நாலு பேர் சண்டை போட்டால் சிறுத்தை போய்விடும்.

பிளக் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். தென்னாப்பிரிக்காவின் பழைய மூன்று வட்ட பின் சாக்கெட் நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போடும் பெரிய 15 ஆம்பியர் பிளக் அளவேதான். பெரிய பிளக் போட்ட ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோனால் அடாப்டரே வேண்டாம்.

கேமராவுக்கு 300, 400 மில்லிமீட்டர் லென்ஸ் இல்லையென்றால் ஏமாற்றமாக இருக்கும். காருக்குள் ட்ரைபாட் உதவாது. ஒரு வெறும் துணிப்பையைக் கொண்டுபோய் அங்கே இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, ஜன்னல் விளிம்பில் வைத்து லென்ஸைத் தாங்குங்கள். கடைசி நாள் பொங்கிச் சாப்பிட்டுவிடலாம். ட்ரோன் தடை.

இவ்வளவு செலவழித்துப் போய் ஒன்றும் பார்க்காவிட்டால்?

முகாம் வாசலில் ஒரு வரைபடப் பலகை இருக்கும். அன்று யார் எதை எங்கே பார்த்தார்கள் என்று வண்ணக் குறிகள் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து எல்லோரும் ஓடுவார்கள், போவதற்குள் மிருகம் நகர்ந்திருக்கும். நான் செய்வது நேர்மாறு. லோயர் சாபி முகாமுக்குப் பக்கத்தில் சன்செட் டேம் என்ற குளம், சாலையை ஒட்டியே. விடியலில் போய் இன்ஜினை அணைத்துவிடுவோம். முதல் அரை மணி நேரம் நீர்யானையின் காதுகள் மட்டும். பிறகு கரையில் கட்டை என்று நினைத்தது முதலை என்று தெரியும். வார்ட்ஹாக் பன்றி வரும், இம்பாலா வரும். இம்பாலாக்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி உறைந்து நின்றால், நீங்களும் அந்தப் பக்கம் பாருங்கள்.

திரும்பும்போது என்ன வாங்கலாம்?

ரூயிபோஸ் தேயிலை. முள்ளம்பன்றி முள், தோல், எலும்பு, கொம்பில் செய்த பொம்மை எதுவானாலும் தொடாதீர்கள். விமான நிலையத்தில் மாட்டினால் பெரிய வம்பு. கசானே பக்கமிருந்து தரைவழி வந்தால் பச்சை இறைச்சியும் கூடாது, கால்நடை நோய்த் தடுப்புச் சாவடியில் வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். செருப்பையும் மருந்துத் தண்ணீரில் முக்கச் சொல்வார்கள், டிக்கியில் இருக்கும் ஜோடியையும் சேர்த்து.